மண்ணுக்குள் போகும் பணம்: புதுச்சேரி, கடலூர் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 14, 2025, வியாழன், புதுச்சேரி

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் புதுச்சேரிக்குக் கிளம்புகிறவனை யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். நான் கிளம்பியது சித்தப்பாவுக்காக. அரசு நிலவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கர்நாடகத்திலும் ராஜஸ்தானிலும் பாறை பாறையாக அலைந்தவர். இப்போது புதிதாகத் தொடங்கிய ஒரு கனிமத் தேடல் கம்பெனி அவரை ஆலோசகராக வரச் சொல்கிறது. அவர் பெயர் இருந்தால் நாலு பேர் நம்பிப் பணம் போடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. "கல்லை நான் பாத்துக்கறேன், காகிதத்தை நீ பாரு" என்று ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்து இறங்கினால், முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த அறையில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று துணி காயப்போட்டிருக்கிறது. வரவேற்பில் இருந்த பையன் ரொம்ப மரியாதையானவன், எலுமிச்சைச் சாறு கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அறை மட்டும் கொடுக்கவில்லை. வெயிலில் அலைந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன் மட்டும் ஓடும் ஒரு ரூம் 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. "நாளைக்கு 3,200 சார், ஆகஸ்டு பதினஞ்சு இல்லையா" என்றார் மேனேஜர், தேசபக்திக்கும் வாடகைக்கும் நேரடித் தொடர்பு இருப்பது போல. கடல் அரை மணி நடையில் இருந்தும் காற்று அசையவில்லை. இரவு ரோட்டோரக் கடையில் பரோட்டா, சால்னா, ஆளுக்கு 70 ரூபாய். பரிமாறிய அம்மா சித்தப்பா தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றிவிட்டுப் போனார்.

படுத்துக்கொண்டு கேட்டேன், இந்தத் தொழில் எப்படித்தான் நடக்கிறது என்று. இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளை உலகம் முழுக்க ஜூனியர் என்கிறார்கள். வான்கூவர், டொரண்டோ, பெர்த் மாதிரி ஊர்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சுரங்கம் கிடையாது, விற்க ஒரு கிலோ தாது கிடையாது, கணக்கில் வருமானம் என்ற இடமே காலி. உரிமம் உள்ள ஒரு நிலம், ஒரு வரைபடம், நாலைந்து ஆட்கள், அவ்வளவுதான். பங்கு விற்று வந்த காசில் பூமிக்குள் துளை போட்டுக் கல்லை எடுத்துப் பார்ப்பார்கள். துளையில் ஏதாவது தட்டுப்பட்டால் அந்தச் செய்தியைக் காட்டி இன்னும் கொஞ்சம் பங்கு விற்று அடுத்த துளை. ஒவ்வொரு தடவையும் பழைய பங்குதாரருக்கு இருக்கும் பங்கு கரைந்துகொண்டே போகும். கடைசியில் பெரிய சுரங்கக் கம்பெனி ஒன்று வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டால் யோகம்.

"ஆயிரம் இடம் தேடினா ஒண்ணு சுரங்கமாகும்னு சொல்லுவாங்க. அதுவே தாராளமாச் சொன்னது" என்றார் சித்தப்பா, கொசுவை அடித்துக்கொண்டே.

அப்படியானால் பணம் போடுகிறவன் எதைப் பார்த்துப் போடுகிறான்? "கல்லைப் பாக்க அவனுக்குத் தெரியாது. ஆளைத்தான் பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார், நான்தான் முழித்துக்கொண்டு கிடந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி, புதுச்சேரி

காலையில் கடற்கரைச் சாலையை அணிவகுப்புக்காக மூடியிருந்தார்கள். இன்னொரு பக்கம் அரவிந்தர் பிறந்தநாள், ஆசிரமத்தைச் சுற்றி வரிசை தெருத்தெருவாக வளைந்து போகிறது. வரிசையில் நின்ற ஒரிசாப் பாட்டி ஒருவர் வழி கேட்ட எங்களுக்குத் தன் விசிறியைக் கொடுத்து, கொஞ்சம் வீசிக்கொண்டு திருப்பித் தரச் சொன்னார். நேரு வீதிப் பக்கம் காபி 25 ரூபாய், முட்டை வைத்த ரொட்டி 60. ரொட்டி விஷயத்தில் பிரெஞ்சுக்காரனை மன்னித்துவிடலாம்.

கூட்டம் பதினொரு மணிக்கு, ஒரு ஓட்டல் ஹாலில். சென்னையில் வைக்காமல் புதுச்சேரியில் வைத்ததற்குக் காரணம் அழைப்பிதழிலேயே இருந்தது, மாலையில் 'காக்டெய்ல்'. சுதந்திர தினத்தன்று மதுக்கடையும் பாரும் மூடியிருக்கும் என்பதை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. இதைக் கூட யோசிக்காதவர்கள் பூமிக்கடியில் இருப்பதைப் பற்றி எங்களுக்கு விளக்கப் போகிறார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார். நாற்பது பேர் இருக்கும். அரிசி ஆலை முதலாளிகள், காரைக்காலிலிருந்து இரண்டு நகைக் கடைக்காரர்கள், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் சிலர்.

கம்பெனியின் தலைவருக்கு நாற்பது வயது இருக்கலாம். நன்றாகப் பேசுகிறார், பொய் சொல்கிற முகமும் இல்லை. முதல் படமே கோலார் தங்கவயல். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், வட்டத்தின் ஓரத்தில் இவர்கள் ஏலம் கேட்கப்போகும் நிலம். அப்புறம் லண்டன் சுரங்கக் கம்பெனிக்காரர் ஜான் டெய்லர் கதை. 1880-களின் தொடக்கத்தில் கோலாரில் மைசூர் கம்பெனியின் பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, பங்குதாரர்கள் மூடிவிடலாம் என்றார்கள், மிச்சக் காசையும் போட்டு இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்று டெய்லர் அவர்களைச் சம்மதிக்க வைத்தார், சாம்பியன் ரீஃப் என்கிற தங்கப் படிவம் கிடைத்தது, அதன்பிறகு 2001-ல் மூடும் வரை நூறு வருஷத்துக்கு மேல் தங்கம். கதை உண்மைதான். ஹாலில் கைதட்டல்.

சித்தப்பா என் காதில், "கோலாரைச் சொல்றவன் தேவாலாவைச் சொல்ல மாட்டான்" என்றார். அதே காலம்தான். நம் நீலகிரியில் கூடலூருக்குப் பக்கத்தில் தேவாலா, பந்தலூர். 1879-லிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்கு லண்டனில் வயநாட்டுத் தங்கம் என்று கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, காபித் தோட்டங்களை யானை விலைக்கு வாங்கி, எந்திரங்களை மலையேற்றி, டன்னுக்கு இவ்வளவு வரும் என்று நிபுணர் சொன்னதில் ஒரு துணுக்கு கூட வராமல் மொத்தமும் படுத்துவிட்டது. எந்திரங்கள் காட்டிலேயே துருப்பிடித்தன. அங்கேயும் யாராவது ஒருவர் எழுந்து, இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகலாம் என்று சொல்லித்தான் இருப்பார்.

நான் காகிதத்தைப் பார்த்தேன். திரட்டப் போவது 4 கோடி. அதில் துளையிட ஒதுக்கியது 1 கோடி 20 லட்சம். அவர்களே மீட்டருக்கு 10,000 ரூபாய் போட்டிருந்தார்கள், ஆக 1,200 மீட்டர், நாலைந்து துளையில் முடிந்துவிடும். மிச்சம் எங்கே? சென்னையில் ஆபீஸ் வாடகை, இயக்குநர்கள் சம்பளம், இரண்டு கார், ஒவ்வொரு மார்ச்சிலும் டொரண்டோவில் நடக்கும் சுரங்க மாநாட்டுக்கு மூன்று பேர் போய்வர 18 லட்சம். நிறுவனர்களின் பங்கு ஒரு ரூபாய்க்கு எடுத்தது, நமக்கு 40 ரூபாய். ஆரம்பத்திலேயே ரிஸ்க் எடுத்தவனுக்கு விலை குறைவாக இருப்பது நியாயம், ஆனால் இவர்கள் எடுத்த ரிஸ்க் என்ன என்று தேடினேன், எந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைசி வரிசையில் இருந்த சொல்தா தாத்தா இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். "முசியே, உங்க சொந்தக் காசு எவ்வளவு?"

"என் பத்து வருஷ உழைப்பைப் போட்டிருக்கேன் ஐயா."

"அதை பேங்க்ல எடுத்துப்பாங்களா?"

ஹால் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அந்த அடுத்த படத்தில்தான் எனக்கு உறுத்தியது. தங்கம் கிடைத்தால் சுரங்கம் நமக்கே என்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, தங்கம், தாமிரம், லித்தியம் உள்பட 29 கனிமங்களுக்குத் தேடல் உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1,000 சதுர கிலோமீட்டர் வரை நிலம், ஐந்து வருஷம், வேண்டுமானால் இன்னும் இரண்டு. தேடிக் கண்டுபிடித்தவருக்குச் சுரங்கம் கிடைக்காது. அரசு அதைத் தனியாக ஏலம் விடும், எடுத்தவர் அரசுக்குக் கட்டும் ஏலப் பணத்தில், அதாவது பிரீமியத்தில், ஒரு பகுதிதான் கண்டுபிடித்தவருக்கு. உரிமத்துக்கான ஏலமே தலைகீழ், அந்தப் பிரீமியத்தில் யார் மிகக் குறைந்த பகுதி போதும் என்கிறாரோ அவருக்குத்தான் நிலம். அதாவது கையில் வரும் பணம் இன்னொருவர் ஏலத்தில் என்ன விலை கேட்கிறார், எப்போது சுரங்கம் தொடங்குகிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டுபிடித்தவன் தன் நிலத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்று ஒரே நாளில் பணக்காரனாகிறான், 1993-ல் வைரம் தேடப்போய் கனடாவில் வாய்சீஸ் பே என்கிற இடத்தில் நிக்கல் கிடைத்து, மூன்று வருஷத்தில் 430 கோடி கனடா டாலருக்கு விற்றார்களே, அந்த மாதிரி. அந்தக் கனவை இந்த உரிமத்தின் மேல் ஒட்டி விற்க முடியாது. எழுந்து கேட்டேன். "சட்டம் மாறிக்கிட்டேதான் இருக்கு சார், நல்லபடியா மாறும்" என்றார். பதில் சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இது தனிப்பட்ட முறையில் பங்கு விற்பது. கம்பெனிச் சட்டம் 42-வது பிரிவின்படி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கேட்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு இந்த அழைப்பு வாக்கிங் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம்.

மத்தியானச் சாப்பாடு பிரமாதம். இறால் தொக்கு, மட்டன் குழம்பு, கேரமல் புட்டிங். தட்டு 850 ரூபாய் என்று பரிமாறியவர் ரகசியமாகச் சொன்னார். சாப்பிட்டபடியே ஒரு மீட்டர் துளையில் எத்தனை தட்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு வரை வந்தது. காக்டெய்லுக்குப் பதில் மாலையில் திராட்சைச் சாறு வந்தபோது கூட்டம் பாதியாகிவிட்டது.

"ஆள் திருடன் மாதிரியா இருக்கான்?" என்றேன் வெளியே வந்து.

"திருடன் இல்லடா. அவன் நிஜமாவே நம்பறான். அதுதான் எனக்கு பயமா இருக்கு."

கடற்கரையில் டூப்ளே சிலை வரை நடந்தோம். சுண்டல் 30 ரூபாய். இந்த ஊரை வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனியும் இதே விளையாட்டை ஆடியதுதான். 1719-ல் அது ஜான் லா என்கிற ஆசாமியின் கைக்குப் போனது. அமெரிக்காவில் லூசியானாவில் தங்கமும் வெள்ளியும் கொட்டிக் கிடக்கிறது என்று பாரிஸில் பேச்சைக் கிளப்பி, 500 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுக் காசு) பங்கு ஒரே வருஷத்தில் 10,000 வரை ஏறி, 1720-ல் சரிந்தது. அந்த ஜான் லாவின் தம்பி மகன்தான் பின்னாளில் புதுச்சேரிக்கு கவர்னராக வந்தார். சித்தப்பாவிடம் சொன்னால், "அப்பவும் ஹால் வாடகையும் சாப்பாடும் பங்குதாரன் காசுதான்" என்கிறார்.

ஆகஸ்ட் 16, சனி, கடலூர்

கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், அப்புறம் எல்லையில் கன்னியக்கோயில். முந்தின நாள் மூடியிருந்த மதுக்கடைகள் முன்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்து கண்டக்டர், "நேத்து காணாமப் போன எல்லாரும் இங்கதான் இருக்காங்க" என்றார். ஆற்றுப் பாலம் தாண்டும்போது மட்டும் நல்ல காற்று.

முதுநகரில் சித்தப்பாவிடம் படித்த ஒரு பெண் வந்திருக்கிறார், பெர்த்தில் இருப்பவர், அம்மாவைப் பார்க்க லீவில். அங்கே ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு சின்னத் தாமிரத் தேடல் கம்பெனிக்கு மேனேஜிங் டைரக்டர். வீட்டில் சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், துறைமுகத்திலிருந்து காலையில் வந்தது. கிருஷ்ண ஜெயந்திக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சீடை வேறு. இப்படி ஒரு குழம்பைச் சாப்பிட்டு எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது, முந்தின நாள் 850 ரூபாய்த் தட்டு ஞாபகத்திலேயே இல்லை.

"இவ என்ன வேலை பாக்குறான்னு எனக்கு இன்னும் புரியல தம்பி" என்றார் அவர் அம்மா. "ஊர் ஊராப் போயி காசு கேக்குறாளாம். அதுக்கா அவ்ளோ படிச்சா?"

"கரெக்டாதான் சொல்றாங்க அண்ணா" என்று அந்தப் பெண் சிரித்தார். வருஷத்தில் பாதி நாள் அதுதான் வேலையாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் கல்கூர்லியில் நடக்கும் பெரிய சுரங்க மாநாட்டில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அதே கதையைப் புதிதாகச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் நேராக இங்கே வந்திருக்கிறார். சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துப் பங்கு கொடுக்க வேண்டும், கூடவே பின்னால் ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் இனிப்பு மாதிரி ஒட்ட வேண்டும். பங்குதாரர்களைக் கேட்காமல் வருஷத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் புதுப் பங்கு வெளியிட முடியாது என்பதால் எப்போது எவ்வளவு என்பது தலைவலி. "காசு தேவைப்படும்போது யாரும் தர மாட்டாங்க சார். விலை ஏறும்போதே வாங்கிடணும், அப்ப நமக்கே வேண்டாம்னு தோணும்" என்றார் சித்தப்பாவைப் பார்த்து.

நான் நேற்றைய பட்ஜெட்டைக் காட்டினேன். ஒரு நிமிஷம் புரட்டிவிட்டுத் தன் போனில் அவருடைய கம்பெனியின் காலாண்டு அறிக்கையைத் திறந்து என்னிடம் கொடுத்தார். அங்கே தேடல் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5பி என்று ஒரு படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தேடலுக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, இயக்குநர்களுக்கும் அவர்கள் சொந்தபந்தங்களுக்கும் எவ்வளவு, கையில் இருக்கும் காசு இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும், எல்லாம் அதில் இருக்கிறது. வருமானமே இல்லாத கம்பெனியிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிற படிவம். ஆடிட்டர் ஆபீஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது, இரண்டு தடவை படித்தேன்.

பேச்சு ப்ரீ-எக்ஸ் பக்கம் போனது. கனடாக் கம்பெனி, இந்தோனேசியாவில் புசாங் என்கிற காட்டில் உலகத்தின் பெரிய தங்கப் படிவம் என்றார்கள், மதிப்பு 600 கோடி கனடா டாலர் வரை ஏறியது. 1997-ல் வேறொரு கம்பெனி வந்து பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருக்கிறார்கள். "துளையிலிருந்து வர்ற கல்லை நீளவாக்கில ரெண்டா அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில வெக்கணும். அவங்க முழுசையும் பொடியாக்கிட்டாங்க. அங்கேயே யாராவது நிறுத்தியிருக்கணும்" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகுதான் 2001-ல் கனடாவில், தகுதியுள்ள நிலவியலாளரோ பொறியாளரோ கையெழுத்துப் போடாமல் தாதுக் கணக்கு எதையும் வெளியிடக் கூடாது என்று விதி வந்தது. "உங்க கையெழுத்தைத்தான் சார் அவங்க கேக்குறாங்க" என்றார் அந்தப் பெண். சித்தப்பா சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் முன்னால் அந்தப் பெண்ணுடைய கம்பெனியின் முக்கியமான துளை வெறும் கல்லாகப் போனதாம். ஆய்வக முடிவு வந்த அன்றே நான்கே வரியில் அறிவித்தார், பங்கு பாதி விலைக்கு விழுந்தது. முதல் முப்பது பங்குதாரர்களுக்குத் தானே போன் செய்தார், இருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஆபீஸைக் காலி செய்து வீட்டுக் கார் ஷெட்டுக்கு மாற்றி, சம்பளத்தைப் பாதியாக்கி, துளை போடும் காண்டிராக்டரிடம் பாதிக் கூலிக்குப் பணம், பாதிக்குப் பங்கு என்று பேசினார். அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், முகாமில் தண்ணி லாரி வராத ஒரு வாரம் இவரும் அவர்களோடு குளிக்காமல் கிடந்ததுதான் என்கிறார். அடுத்த தடவை பணம் கேட்டபோது திட்டிய இருவரில் ஒருவர்தான் முதலில் போட்டார்.

சாயங்காலம் சில்வர் பீச் போனோம். மேகம் திரண்டு, பத்தே நிமிஷத்தில் அடி மழை, கரண்டும் போய்விட்டது. பஜ்ஜிக் கடைக்காரர் தார்ப்பாய்க்குள் இருபது பேரை நிற்க விட்டு யாரையும் வாங்கச் சொல்லவில்லை. எங்கள் தலையை ஓரளவு காப்பாற்றியது கம்பெனிக்காரர் கொடுத்த வழவழ ஃபைல்தான். நல்ல தடிமன் அட்டை, அதற்கும் செலவழித்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் மழைக்காக 50 ரூபாய் கூடக் கேட்டார், பிறகு அவரே வேண்டாம் என்று 20 திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, வடலூர், நெய்வேலி

ஆவணி முதல் தேதி. ஆடி முடிந்த அன்றே நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று கம்பெனிக்காரர் காலை ஏழு மணியிலிருந்து போன். சித்தப்பா எடுக்கவில்லை, நெய்வேலி பார்க்க வேண்டும் என்றார்.

வழியில் வடலூர். தருமசாலையில் சாப்பிட்டோம், சோறு, சாம்பார், ரசம். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வெளியே மூட்டை மூட்டையாக அரிசி இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் யார் அனுப்பியது என்று கேட்டதற்கு, "பேரு சொல்ல வேணாம்னுட்டாங்க" என்றார்.

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். தூரத்து மண்மேடுகளைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் முந்திரி வாங்கினோம், கால் கிலோ 220. 1934 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணிக்குத் தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அரசு நிலக்கரிக் கம்பெனி தொடங்கியது 1956-ல், முதல் சுரங்கத்தை நேரு தொடங்கிவைத்தது 1957-ல், பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளியே தெரிந்தது 1961-ல். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ராப்பகலாக இறைத்தால்தான் தோண்டவே முடியும். "கண்ணுக்குத் தெரிஞ்ச கரிக்கே இருபத்தேழு வருஷம்டா. அரசாங்கம்கறதால தாங்குச்சு. அந்த ஹால்ல இருந்த அரிசி மில் ஆளு எவ்வளவு நாள் தாங்குவாரு?" என்றார் சித்தப்பா. தனியார் பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கோலார் தனியார் பணம்தானே. உரிமம் இருக்கும் ஏழு வருஷமும் இழப்பு மட்டுமே வரலாம் என்பதை முதல் படத்திலேயே சொல்லிப் பணம் கேட்கிற ஒருவரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். "தம்பி, நாலு கோடியில ரெண்டரையாவது துளைக்குப் போகணும். டொரண்டோ வேண்டாம். உங்க சம்பளத்தை ஒரு வருஷம் பங்கா எடுத்துக்கோங்க. சுரங்கம் நமக்கில்லன்னு அந்தப் படத்தைத் திருத்துங்க. இந்த நாலையும் செஞ்சு அனுப்பினா அடுத்த பஸ்ஸுல வந்து கையெழுத்துப் போடறேன்." அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள். சித்தப்பாவுக்கு ஆலோசனைக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கித் தருவதாகச் சொன்னார்களாம். அந்தக் காசு பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டார், லைன் கட்டாகிவிட்டது. சிக்னலாகவும் இருக்கலாம், பண்ருட்டி தாண்டும் வரை எனக்கும் டவர் இல்லை.

திருத்திய பட்ஜெட் இதை எழுதும் வரை வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் மட்டும் வந்திருக்கிறது. அடுத்த கூட்டம் மகாபலிபுரத்தில், கடலைப் பார்த்த ஓட்டல், தங்கும் செலவு கம்பெனியுடையது. இந்தத் தடவை மதுவிலக்கு நாள் எதுவும் இல்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.